நிறுவனங்கள் காட்ட வேண்டிய இன்னொரு கணக்கு

பங்கு என்றதும் நமக்கு ஊர்ப் பங்குதான் நினைவுக்கு வரும். இங்கே நாம் பேசுவது பங்குச் சந்தைப் பங்கு. 'எனக்கும் அதற்கும் தொடர்பில்லை' என்று பலர் எண்ணுகிறோம். ஆனால் எல்.ஐ.சி. பாலிசியோ, வருங்கால வைப்பு நிதியோ இருந்தால், நம் சேமிப்பிலும் ஒரு பகுதி பெரிய நிறுவனங்களின் பங்குகளுக்குப் போகிறது. அவை எவ்வளவு இலாபம் ஈட்டின என்று அறிய விரும்புகிறோம். எப்படி ஈட்டின என்று கேட்கிறோமா?

1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. அதன் பின் எழுந்த முயற்சிகளின் விளைவாக, நிறுவனங்கள் தம் சமூக, சுற்றுச்சூழல் பாதிப்புகளையும் அறிக்கையாகத் தருவதற்கான ஜி.ஆர்.ஐ. வழிகாட்டு நெறிகள் 2000-இல் வந்தன. நம் நாட்டில் மத்திய அரசு 2011-இல் தேசியத் தன்னார்வ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒன்பது கோட்பாடுகள்; அவற்றைப் பின்பற்ற வேண்டும், இல்லையேல் காரணம் சொல்ல வேண்டும். கட்டாயம் ஏதுமில்லை.

விருப்பமுள்ளவர் எழுதலாம் என்றால் யார் எழுதுவார்? சொல்வதற்கு நல்ல செய்தி வைத்திருப்பவர்தான். எனவே செபி 2012-இல், சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களுக்கு இவ்வறிக்கையைக் கட்டாயமாக்கியது சரியான முடிவு என்றே நாம் கருதுகிறோம். 2022-23 முதல், விரிவான புதிய படிவத்தில் முதல் 1000 நிறுவனங்கள் அறிக்கை தருகின்றன. எடுத்த தண்ணீர், வெளியேற்றிய கழிவு, வேலையிடத்தில் நேர்ந்த உயிரிழப்புகள், குறைந்தபட்ச ஊதியம், பாலியல் துன்புறுத்தல் புகார்கள் என எண்களாகவே அதில் எழுத வேண்டும். நிரந்தரமல்லாத தொழிலாளர் எத்தனை பேர் என்பதும் அதில் உண்டு.

ஆயினும் ஒரு பகுதி இன்னும் விருப்பத்திற்கே விடப்பட்டுள்ளது. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள பகுதியில் ஆலை எவ்வளவு நீர் எடுத்தது என்பதைச் சொல்லாமலும் விடலாம். பெரிய நிறுவனத்துக்குப் பொருள் செய்து கொடுக்கும் சிறு ஆலைகளின் நிலை அதைவிடக் கவலைக்குரியது. அவற்றைப் பற்றிய விவரங்களையும் முதல் 250 நிறுவனங்கள் தர வேண்டும் என்று செபி 2023-இல் வகை செய்தது; 2025-இல் அதைத் தன்னார்வமாக மாற்றிவிட்டது. சுமை கூடுகிறது என்பது நிறுவனங்களின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் வேலைக்குச் செல்வது அந்தச் சிறு ஆலைகளுக்குத்தானே!

திருவிழாக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், எழுதியதைவிட விடுபட்டதையே நம் மக்கள் முதலில் கண்டுபிடிப்பார்கள். அந்தக் கண்ணோடு இந்த அறிக்கைகளையும் படிக்கலாம். இவை நிறுவனங்களின் இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆண்டு அறிக்கைகளை அருகருகே வைத்து, ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணிக்கையையும் விபத்து எண்ணிக்கையையும் முதலில் பாருங்கள். வண்ணப் படங்கள் உள்ள பக்கங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.