பொன்னேரி வெயிலுக்கு ஏற்ற வண்ணம்

ஓவியம் பழக வருபவர் கையில் முதலில் வாட்டர்கலரைக் கொடுப்பது நம்மூர் வழக்கம். பொன்னேரி வட்டாரத்தில் தொடங்குபவருக்குக் குவாஷே பொருத்தம் என்பேன். இரண்டுமே நிறமியை வேலம்பிசினில் குழைத்துச் செய்பவைதான். குவாஷில் நிறமி கூடுதல், சிலவற்றில் சுண்ணப்பொடியும் உண்டு. அதனால் அடியில் இருப்பதை மறைத்துவிடும். வாட்டர்கலரில் வெள்ளை என்பது தீட்டாமல் விட்ட தாள். அதை முன்கூட்டியே ஒதுக்க மறந்தால் போனது போனதுதான். குவாஷிலோ, நெல்வயலின் பச்சையைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் கொக்கை வைக்கலாம். பழவேற்காடு ஏரியின் பூநாரைகளையும், அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கிகளில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் நண்பகல் ஒளியையும் அப்படியே கடைசியில் சேர்க்கலாம். பிழை செய்துதான் கை பழகும். திருத்த இடம் தரும் வண்ணத்தில் அந்தப் பழக்கம் சீக்கிரம் வரும். பூச்சைச் சீக்கிரம் காயவைக்கும் வெயிலும் குவாஷுக்குச் சாதகம். அக்ரிலிக் தட்டிலேயே இறுகினால் வீண்; காய்ந்த குவாஷ் ஒரு சொட்டு நீரில் மறுபடி இளகும்.

இது பள்ளிப்பிள்ளைகளின் போஸ்டர் கலர்தானே என்பார்கள். நெருங்கிய உறவுதான், மறுக்கவில்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் தஞ்சாவூர் ஓவியர்கள் ஐரோப்பியருக்காக, பல சாதியாரையும் தொழிலாளரையும் கணவனும் மனைவியுமாக வரைந்தது இத்தகைய மறைக்கும் நீர்வண்ணத்தில்தான். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. சேலைக் கரையின் மெல்லிய கோட்டை அடர்ந்த நிறத்தின்மேல் அவர்களால் இழுக்க முடிந்ததற்கு இந்த ஊடகமும் ஒரு காரணம். அந்த மரபைச் சிறுபிள்ளை வேலை என்று தள்ள எனக்கு மனமில்லை.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது: மேல்பூச்சு அடிப்பூச்சைக் கரைத்துச் சேறாக்கும், காய்ந்தபின் நிறமும் மாறும். உண்மை. அடிப்பூச்சை நீர்த்ததாகவும், மேல்பூச்சைத் தோசைமாவுப் பதத்திலும் வைத்து, தூரிகையை ஒரே இடத்தில் தேய்க்காமல் இருந்தால் முதல் சிக்கல் பெரும்பாலும் தீரும். மிகத் தடிமனாகப் பூசினால் வெடிக்கும், அங்கே கவனம் வேண்டும். பொதுவாக வெளிர்நிறம் காய்ந்தால் சற்று அடரும், அடர்நிறம் வெளிரும். ஓரத்தாளில் பூசிக் காயவிட்டுப் பார்ப்பதே வழி. முதல் சில படங்களைக் கறுப்பு, வெள்ளை இரண்டில் மட்டும் செய்வது நல்லது. ஒளியின் ஏற்ற இறக்கம் பிடிபட்டபின் மஞ்சள், சிவப்பு, நீலம் போதும். வெள்ளை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள், சீக்கிரம் தீரும். தாள் 300 ஜிஎஸ்எம் இருந்தால் அதிகம் சுருளாது. முடித்த படத்தின்மேல் ஈரக்கை பட்டாலே கறையாகும் என்பதால், கடற்காற்று வீசும் இந்தப் பக்கத்தில் அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள், கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விட்டு மாட்டவேண்டும்.