பஞ்சப்படியும் பன்னிரண்டாம் தேதியும்

ஆலைத் தொழிலாளர் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் ‘பஞ்சப்படி’ என்ற சொல் மறந்திருக்காது. அரசு அலுவலகங்களில் அது அகவிலைப்படி. கோவை, மதுரை மில் ஊர்களில் பஞ்சப்படிதான். விலைவாசிக் குறியீட்டெண் ஒரு புள்ளி ஏறினால் சம்பளத்தில் இவ்வளவு ஏறும் என்பது ஒப்பந்தம். அந்த எண்ணை எப்படிப் போடுகிறார்கள் என்று மில்லில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் “இந்த மாசம் எத்தனை பாயிண்ட் ஏறியிருக்கு?” என்ற கேள்வி டீக்கடை பெஞ்சு வரை வரும். ஒரு புள்ளிவிவரத்துக்கும் ஒரு வீட்டு உலைக்கும் நடுவே அவ்வளவு குறைந்த தூரம்தான் இருந்தது.

டெல்லியில் ஆட்சியாளர்கள் பார்த்துக்கொண்டிருந்த எண் வேறு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 ஜனவரியில், பொருளாதார ஆலோசகர் அலுவலகம் மொத்த விலைக் குறியீட்டெண்ணைத் தொடங்கியது. 1939 ஆகஸ்டில் போர் மூளுவதற்குச் சற்று முந்தைய ஒரு வாரம்தான் அதற்கு அடிப்படை. வெறும் 23 பொருள்கள். வாரம் ஒருமுறை வெளியாகும். மண்டியிலும் ஆலை வாசலிலும் சரக்கு மூட்டை மூட்டையாகக் கைமாறும் விலையை அது அளந்தது. அந்த மூட்டை பிரிந்து, தராசில் ஏறி, கால் கிலோ பொட்டலமாக நம் கைக்கு வரும் விலை அதில் இல்லை. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, பஸ் கட்டணம் எதுவும் இல்லை.

அப்படியிருந்தும் அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு இந்தியாவின் ‘பணவீக்கம்’ என்றால் அந்த எண்தான். காரணம் எளியது: அது சீக்கிரம் கிடைத்தது. நுகர்வோர் விலைக்கு எண்கள் இல்லாமல் இல்லை. ஆலைத் தொழிலாளருக்கு ஒன்று, விவசாயத் தொழிலாளருக்கு ஒன்று, நகர்ப்புற மாதச் சம்பளக்காரருக்கு ஒன்று என்று பிரிந்து கிடந்தன. நாடு முழுமைக்குமாக, எல்லாக் குடும்பங்களுக்குமாக ஒரே சில்லறை விலை எண் இருக்கவில்லை. 1973இன் எண்ணெய் அதிர்ச்சிக்குப் பிறகு, 1974-75இல், மொத்த விலை ஆண்டுச் சராசரியாகவே ஏறக்குறைய 25% உயர்ந்தது. மறு ஆண்டு அது பூஜ்யத்துக்குக் கீழே போனது. இந்த ஏற்ற இறக்கங்களையெல்லாம் நாடு மண்டிக் கணக்கின் வழியாகத்தான் பார்த்தது.

கண்ணாடி மாறியே ஆக வேண்டும் என்பதை 2008, 2009 ஆகிய இரண்டு ஆண்டுகளும் உணர்த்தின. 2008இல் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 140 டாலரைத் தாண்டியபோது வாராந்திர மொத்த விலை எண்ணும் வாரந்தோறும் ஏறியது. ஆகஸ்டில் அது 12 சதவீதத்தைக் கடந்து 13ஐ நெருங்கியது. தொலைக்காட்சிகள் அதைத் தேர்தல் முடிவு போல அறிவித்தன. அடுத்த ஆண்டு ஜூனில் நேர் எதிர்ச் செய்தி வந்தது: பணவீக்கம் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 1.6 சதவீதம். பல பத்தாண்டுகளில் அப்படி நேர்ந்ததில்லை. அதே மாதம் ஆலைத் தொழிலாளர் விலைக் குறியீட்டெண் 9 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. விலை விழுந்துவிட்டது என்று செய்தி வாசிப்பவர் சொல்ல, பருப்பு டப்பாவைத் திறந்து பார்த்தபடி அதைக் கேட்ட வீடுகள் எத்தனை!

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எண்ணெயும் உலோகமும் உலகச் சந்தையில் சரிந்ததால் மொத்த விலை விழுந்தது உண்மை. உணவு விலை ஏறிக்கொண்டிருந்ததும் உண்மை. நாட்டின் தலையாய எண்ணாக எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் கோளாறு. 2009 நவம்பரிலிருந்து எல்லாப் பொருள்களுக்குமான மொத்த விலை எண் வாராந்திரத்திலிருந்து மாதாந்திரமாக மாறியது. 2011 ஜனவரி முதல், கிராமமும் நகரமும் சேர்ந்த அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண் வரத் தொடங்கியது.

அது எப்படிச் சேகரிக்கப்பட்டது என்பது எனக்கு இன்றும் பிடித்த செய்தி. 310 நகரங்களில் 1,114 சந்தைகள், அவற்றோடு 1,181 கிராமங்கள். நகரங்களில் புள்ளியியல் துறையின் களப் பணியாளர்கள் விலை கேட்டார்கள். கிராமங்களில் தொடக்கத்தில் அந்த வேலை அஞ்சல் துறையிடம் போனது. மணியார்டரும் கடிதமும் கொண்டுவந்த அதே துறை, கத்தரிக்காய் என்ன விலை, அரிசி என்ன விலை என்று ஊர்க்கடையில் கேட்டு எழுதி அனுப்பியது. போன மாதம் கேட்ட அதே கடை, அதே தரம், அதே அளவு என்பதுதான் இந்தத் தொழிலின் ஒழுக்கம். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் மறுபடி கேட்டாக வேண்டும். பின்னாளில் கிராமங்களையும் புள்ளியியல் துறையே எடுத்துக்கொண்டது. தாள் படிவம் போய்க் கைக்கணினி வந்தது.

அப்புறம் சட்டமும் மாறியது. 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, நுகர்வோர் விலை உயர்வை 4 சதவீதத்தில், இரண்டு பக்கமும் 2 புள்ளி இடைவெளியோடு, நிறுத்துவது வங்கியின் கடமையாயிற்று. மண்டி எண்ணின் இடத்தில் அடுப்படி எண் உட்கார்ந்தது. ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி சாயங்காலம் வெளியாகும் அந்த ஒற்றை எண்ணைப் பார்த்து வட்டி விகிதத்தை ஊகிக்கிறார்கள். வீட்டுக் கடனின் மாதத் தவணை வரை அதன் கை நீள்கிறது. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் எல்லை மீறினால் ஏன் என்று வங்கி அரசுக்கு எழுத்தில் விளக்க வேண்டும். 2022இல் அப்படியே நேர்ந்தது. நவம்பரில் கூட்டம் கூடி அறிக்கை அனுப்பினார்கள். அந்தக் கடிதம் பொதுமக்களுக்குக் காட்டப்படவில்லை. காட்டியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். மக்களின் சமையற்கட்டை அளந்த எண் பற்றிய விளக்கத்தை முதலில் கேட்க உரிமையுள்ளவர்கள் மக்கள்தாம்.

உற்பத்திக் கணக்கின் கதையில் எனக்கு அவ்வளவு மன நிறைவு இல்லை. காலாண்டுதோறும் உள்நாட்டு உற்பத்தி மதிப்பீடு வெளியாவது 1999இல்தான் தொடங்கியது. அதுவரை ஆண்டு நடுவில் நாட்டின் நாடி பார்க்கத் தொழில் உற்பத்திக் குறியீடு ஒன்றுதான் துணை. அதன் பட்டியல் காலத்தோடு ஓட மூச்சு வாங்கியது. தட்டச்சுப் பொறியும் வி.சி.ஆரும் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 2011இல். ஊரில் தட்டச்சுப் பயிலகங்கள் கணினி மையங்களாகி எவ்வளவு காலம் ஆகியிருந்தது! மறு ஆண்டே இன்னொரு சங்கடம். 2012 ஜனவரியில் தொழில் உற்பத்தி 6.8% வளர்ந்தது என்று அறிவித்தார்கள். ஒரு மாதம் கழித்து அது 1.1 சதவீதமாகச் சுருங்கியது. சர்க்கரை உற்பத்தி 58 லட்சம் டன். அதை 134 லட்சம் என்று சேர்த்துவிட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு பொருளின் வரி பிசகியதில் ஒரு நாட்டின் வளர்ச்சியே கூடிக் குறைந்தது.

தவறு நேர்ந்தது பெரிதில்லை, அதை ஒப்புக்கொண்டு திருத்தினார்கள் என்பதை நான் மதிக்கிறேன். ஏற்றுமதிக் கணக்கிலும் அதற்குச் சற்று முன்பு, 2011 டிசம்பரில், சுமார் 900 கோடி டாலர் கூடுதலாகக் காட்டப்பட்டிருந்ததை வர்த்தகச் செயலரே வெளியே சொன்னார். 2024 நவம்பரின் தங்க இறக்குமதி முதலில் 1,480 கோடி டாலர் என்று வந்து எல்லோரையும் திடுக்கிட வைத்தது; இரட்டைக் கணக்கு என்று தெரிந்து சுமார் 500 கோடி டாலர் குறைக்கப்பட்டது. இடையில் ரூபாயின் மதிப்பைப் பற்றி எத்தனை கவலைகள்! வேகமாகக் கேட்கிறோம், வேகத்துக்கு ஒரு விலை உண்டு. தொழில் உற்பத்தி எண் முன்பு ஆறு வாரம் கழித்து வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து 28 நாளில் வந்துவிடுகிறது. அதற்கும் முன்பே ஜி.எஸ்.டி. வசூலும், அன்றாட மின் நுகர்வும், இ-வே பில் எண்ணிக்கையும் நிலவரத்தைச் சொல்லிவிடுகின்றன.

வர்த்தகத்தில் மாற்றம் இன்னும் ஆழம். 1991 கோடையில் நாட்டின் அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் போதும் என்ற நிலை; ஜூலையில் 47 டன் அளவு தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனில் அடகு வைத்தோம். தாலிக்கொடி அடகுக்கடை ஏறும் வேதனை தெரிந்த சமூகத்துக்கு அந்தச் செய்தியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்று அதே தங்கத்தை வாங்கிக் குவிப்பதால் வர்த்தகப் பற்றாக்குறை வீங்குகிறது. 2025 அக்டோபரில் சரக்கு வர்த்தகப் பற்றாக்குறை 4,100 கோடி டாலரைத் தாண்டியது. பெரும் பங்கு தங்கம். அப்படியும் நாடு கலங்கவில்லை. மென்பொருளும் பிற சேவைகளும் கொண்டுவரும் டாலர் அந்தப் பள்ளத்தின் கணிசமான பகுதியை நிரப்புகிறது. ஒரு காலத்தில் தேயிலையும் சணலும் பருத்தித் துணியும் தலைமை தாங்கிய ஏற்றுமதிப் பட்டியலில் இன்று கைபேசி முன்வரிசையில் நிற்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50% வரி போட்டபோது அந்த மாதாந்திரப் பட்டியலைத் திருப்பூர் எப்படிக் காத்திருந்து படித்திருக்கும் என்பதை அந்த ஊரை அறிந்தவர்கள் சொல்லாமலே அறிவார்கள்.

இத்தனை மாறியும் ஒரு குழப்பம் மட்டும் தீரவில்லை. 2023 ஜூலையில் தக்காளி எட்டாக்கனியானது; சில்லறைப் பணவீக்கம் 7.44%. அடுத்த ஜூலையில் அது பாதியாகி மூன்றரை சதவீத அளவுக்கு வந்தது. விலை குறைந்துவிட்டதாகப் பொருளில்லை. ஏற்கெனவே உயர்ந்திருந்த விலைக்கு மேல் இன்னும் மூன்றரை சதவீதம் ஏறியது என்றே பொருள். 2024 அக்டோபரில் 6.21%, 2025 அக்டோபரில் 0.25%. போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுவது புள்ளியியலின் வழக்கம். வீட்டில் அப்படி யாரும் ஒப்பிடுவதில்லை. கல்யாணம் ஆன புதிதில் எண்ணெய் என்ன விலை, மகன் பள்ளியில் சேர்ந்தபோது பால் என்ன விலை என்றுதான் அம்மாக்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய அடிப்படை ஆண்டு வேறு. அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2026 பிப்ரவரியில் நுகர்வோர் விலைக் கூடை புதிதாகப் பின்னப்பட்டது; இப்போது அடிப்படை 2024. உணவின் பங்கு 45.86இலிருந்து 36.75 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இணையவழித் திரைச் சந்தா உள்ளே வந்தது; டேப் ரெக்கார்டர் வெளியே போனது. கிராமத்து வீட்டு வாடகை முதல்முறையாகக் கணக்கில் ஏறியிருக்கிறது. வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு இவ்வளவு அக்கறை கிடைத்திருப்பது நல்லதே.

கூலியைத் தீர்மானித்த எண்ணுக்குக் கிடைத்ததா? விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 1986-87. அதன் கூடை 1983ஆம் ஆண்டுச் செலவுக் கணக்கெடுப்பின்படி நிரப்பப்பட்டது. நூறு நாள் வேலைத் திட்டக் கூலி 2011 முதல் அந்த எண்ணோடு கட்டப்பட்டது. ஒரு குடும்பம் 1983இல் எதற்குச் செலவு செய்ததோ அதையே இன்றும் செய்வதாக வைத்துக்கொண்டு, கைபேசிக்கு ரீசார்ஜும் பிள்ளைக்கு வேன் கட்டணமும் கட்டும் பெண்ணின் தினக்கூலி உயர்வு கணக்கிடப்பட்டது. 2019ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை வந்தது 2025 ஜூன் மாதக் கணக்கிலிருந்துதான். 1983இல் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 42.