காருக்குள் குப்பென்று கெட்ட வாடையா? ஏ.சி.க்குள் ஒளிந்திருக்கிறது காரணம்!

"என்ன டிரைவர், காயாத துணி வாடை அடிக்குது?"

கால் டாக்சியில் ஏறுகிறவர் இப்படி வாய்விட்டுக் கேட்டுவிட்டால்கூட நல்லது. பல பேர் கேட்பதில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கிண்டியில் இருந்து அண்ணா நகர் வரை பேசாமல் வருவார்கள். இறங்கியதும் செல்போனில் இரண்டே இரண்டு நட்சத்திரத்தைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நட்சத்திரம் குறைந்தால் சவாரி குறையும். சவாரி குறைந்தால் வண்டிக் கடன் தவணையை யார் கட்டுவது? மூக்கில் தொடங்கிய சங்கதி வயிற்றில் வந்து நிற்கிறது!

சொந்தக் கார்க்காரர்கள் பாடும் இதேதான். ஏ.சி.யைப் போட்ட முதல் நிமிஷம் குப்பென்று ஒரு வாடை. அப்புறம் குறைந்துவிடும். "சரி, போயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை.

வாடை எங்கே குடியிருக்கிறது?

டாஷ்போர்டுக்குள்ளே, பெரும்பாலும் இடது பக்கத்தில், மெல்லிய அலுமினியத் தகடுகளை அடுக்கிய ஒரு பெட்டி இருக்கிறது. மெக்கானிக்குகள் இதைக் 'கூலிங் காயில்' என்பார்கள். ஏ.சி. ஓடும்போது இது ஜில்லென்று ஆகிவிடும். ஐஸ் மோர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி இதுவும் வியர்க்கும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் காற்றில் ஈரம் அதிகம். கேட்கவா வேண்டும்? தண்ணீர் கொட்டும்.

அந்த ஈரத்தில் ரோட்டுத் தூசி ஒட்டுகிறது. இருட்டு, ஈரம், அழுக்கு மூன்றும் சேர்ந்த இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சும்மா இருக்குமா? குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும். அதன் வாடைதான் உங்கள் முகத்தில் அடிக்கிறது. சிக்னலில் கம்ப்ரசர் நின்று காயில் சூடேறும்போது வாடை தூக்கலாக வருவதும் இதனால்தான்.

சொட்டுவது நல்லது!

காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதே என்று பதறி ஒர்க்ஷாப்புக்கு ஓடுகிறவர்கள் உண்டு. பதற வேண்டாம். காயிலில் வியர்த்த தண்ணீர் ஒரு சின்ன ரப்பர் பைப் வழியாக ரோட்டில் விழுகிறது. அவ்வளவுதான். நல்ல புழுக்கத்தில் ஏ.சி. போட்டும் ஒரு சொட்டுகூட விழவில்லையா? அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

அந்தப் பைப்பில் சேறோ இலைச் சருகோ அடைத்திருக்கும். தண்ணீர் உள்ளேயே தேங்கும். முன்சீட்டின் கால் வைக்கும் இடத்தில் மிதியடியைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். கீழே உள்ள கம்பளம் சொதசொதவென்று இருந்தால் விஷயம் அதுதான். வண்டியை மேடையில் ஏற்றி அடைப்பை எடுப்பது சின்ன வேலை. ஆனால் கம்பளத்தைக் கழற்றி வெயிலில் காயவைக்காவிட்டால் பாதி வாடை அப்படியே இருக்கும்.

அடுத்தது பில்டர். பல கார்களில் டாஷ்போர்டில் உள்ள சாமான் பெட்டியைக் கழற்றினால் அதன் பின்னால் இருக்கும். ஐந்து நிமிஷ வேலை. வருஷம் ஒரு தடவையாவது மாற்ற வேண்டிய பொருள். தூசி ரோட்டில் ஓடுகிற டாக்சி என்றால் அதற்கும் முன்னாலேயே. வண்டி வாங்கி மூன்று வருஷம் ஆகியும் அப்படி ஒரு சாமான் இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. வெளியே எடுத்துப் பார்த்தால் கரி அடுப்பில் கிடந்த மாதிரி இருக்கும்!

காசில்லாத வைத்தியம்

இறங்கும் இடம் வருவதற்கு நாலைந்து நிமிஷம் முன்னால் ஏ.சி. பொத்தானை மட்டும் அணையுங்கள். காற்றாடி ஓடட்டும். வெளிக்காற்று உள்ளே வருகிற பொத்தானைப் போட்டுவிடுங்கள். காயில் காய்ந்துவிடும். ஈரம் இல்லாவிட்டால் பூஞ்சைக்கு வேலை இல்லை. கொஞ்சம் வியர்க்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். சில புதிய கார்களில் வண்டியை அணைத்த பிறகு காற்றாடி தானே ஓடிக் காயவைக்கும் ஏற்பாடே வந்துவிட்டது.

இன்னொன்று. உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை நாள் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள். காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரம் பையிலிருந்து வடிந்த தண்ணீர், குழந்தை கொட்டிய பால், எல்லாவற்றின் வாடையையும் ஏ.சி. திரும்பத் திரும்ப இழுத்து உங்களுக்கே கொடுக்கும்.

வாடை முற்றிவிட்டால் காயிலைக் கழுவ வேண்டும். இதற்கென்றே நுரை மருந்து ஜி.பி. ரோடு கார் சாமான் கடைகளில் கிடைக்கிறது. பில்டரைக் கழற்றிவிட்டு, டப்பாவில் எழுதியிருக்கிறபடி அடித்து ஊறவிட்டால், அழுக்குத் தண்ணீர் அடிப் பைப் வழியாக வெளியேறும். கதவுகளை எல்லாம் திறந்து வைத்துச் செய்ய வேண்டிய வேலை. பிளீச்சிங் பவுடர், ஆசிட் பக்கம் மட்டும் போகாதீர்கள். அலுமினியத்தை அரித்து ஓட்டை போட்டுவிடும். டாஷ்போர்டையே கழற்றிக் காயில் மாற்றுகிற செலவு வந்து சேரும்.

சென்ட் பாட்டில் மாட்டலாமா? மாட்டலாம். பூஞ்சை வாடையும் மல்லிகை வாடையும் கலந்து மூன்றாவதாக ஒன்று வரும்! பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம். வெயிலில் மூடிக் கிடக்கிற காரில் அந்த ஆவி தலைவலி, குமட்டலைக் கொடுக்கும். பச்சைக் குழந்தைகளுக்கு ஆபத்தே உண்டு.

"கேஸ் போடணும் சார்!"

வாடை என்று போனால், "கேஸ் குறைஞ்சிடுச்சு சார், நிரப்பிட்டா சரியாயிடும்" என்று சொல்லும் ஆட்களும் உண்டு. ஏமாறாதீர்கள். ஏ.சி. கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுகிற சரக்கு. அது குறைந்தால் குளிர்ச்சிதான் குறையும். ஈரத் துணி வாடை அதனால் வராது.

செத்த எலி வாடை என்றால் நிஜமாகவே எலிதான்! மழைக்காலத்தில் பானெட்டுக்குள் சூட்டுக்கு ஒதுங்கும். சில சமயம் காற்றாடிப் பெட்டி வரை போய் அங்கேயே செத்துவிடும். ஆளை வைத்துக் கழற்றி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பானெட்டுக்குள் புகையிலைக் கட்டு வைக்கிறவர்கள் உண்டு. அதை மட்டும் நம்புவதைவிட, வண்டிக்குள் முறுக்குத் தூள் சிந்தாமல் பார்த்துக்கொள்வது மேல்.

ஒயர் கருகும் வாடை வந்தால் அடுத்த சிக்னல் வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லாரும் இறங்குங்கள். பெட்ரோல் வாடைக்கும் இதுவே. தித்திப்பான வாடையோடு கண்ணாடியில் பிசுபிசுப்பு படிந்தால் கூலன்ட் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

வாடையே இல்லாத எமன்

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது வாடையே இல்லாதது. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலோ, மூடிய ஷெட்டில் வண்டி ஓடிக்கொண்டிருந்தாலோ இது உள்ளே வந்துவிடும். இரவுச் சவாரிக்குக் காத்திருக்கும் டிரைவர்கள் கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டுத் தூங்குவது வாடிக்கை. தலைவலியும் மயக்கமும் தூக்கத்தில் தெரியாது. எஞ்சினை அணைத்து, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுப் படுங்கள். கொசு கடித்தால் கடிக்கட்டும்!

பழைய கார் வாங்குகிறீர்களா?

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் முங்கின. முங்கிய வண்டியைப் பளபளவென்று துடைத்து விற்றுவிடலாம். சீட்டுப் பஞ்சுக்குள் ஊறிய சாக்கடைத் தண்ணீர் வாடையைத் துடைக்க முடியாது. பழைய கார் பார்க்கப் போனால் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, பத்து நிமிஷம் உள்ளே உட்காருங்கள். விற்கிறவர் ஏற்கெனவே சென்ட் அடித்து வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருந்த பாகத்தில் சேற்றுக் கறை இருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.