சுண்டெலிக்கு ஏன் எய்ட்ஸ் வருவதில்லை?

ஒரு நாள் காலை இட்லி ஊற்றிக் கொண்டிருந்தேன். எதிர் வீட்டுப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக் கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, ராத்திரி தூக்கத்துல சுண்டெலி விரலைக் கடிச்சிடுச்சு. கோடி வீட்டு அம்மாவுக்கு எச்.ஐ.வி.ன்னு பேசிக்கறாங்களே! அங்கே ஓடற எலிதானே இங்கேயும் வருது? பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா?" என்று அழுதே விட்டாள்.

சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் விரலை நன்றாகக் கழுவச் சொன்னேன். டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் டி.டி. ஊசி போட்டார். "எலிக்கடியால வேற நோய் வரலாம். ஜுரம் வந்தா உடனே வாங்க. எச்.ஐ.வி. மட்டும் வராது. தாராளமாப் பால் கொடும்மா" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். எனக்கு மட்டும் ஒரு கேள்வி மிஞ்சியது. ஏன் வராது? தேடிப் படித்தேன். படித்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியுமா?

வாசலிலேயே தடை

எச்.ஐ.வி. என்பது தானாகப் பெருகத் தெரியாத கிருமி. நம் ரத்தத்தில் உள்ள சில உயிரணுக்களுக்குள் புகுந்துதான் பெருகும். அந்த உயிரணுவின் வாசலில் சி.டி.4 என்ற புரதம் இருக்கிறது. வைரஸ் கையிலுள்ள சாவி அந்தப் பூட்டுக்குத்தான் பொருந்தும். இதை 1984-ல் கண்டுபிடித்தார்கள்.

எலியின் உயிரணுவில் உள்ள பூட்டு வேறு. சாவி சேராது. நமக்கு இது நிம்மதி, விஞ்ஞானிகளுக்கோ தலைவலி! புது மருந்தை மனிதருக்குக் கொடுக்கும் முன் சிறு பிராணியிடம் சோதிக்க வேண்டாமா? எலிக்கு நோயே வராவிட்டால் எப்படிச் சோதிப்பது?

'மனிதப் பூட்டை எலி உயிரணுவில் வைத்துப் பார்ப்போம்' என்று 1986-ல் அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள். வைரஸ் வாசலில் வந்து ஒட்டியது. உள்ளே போகவில்லை! கதவுக்கு இன்னொரு பூட்டும் உண்டு என்பது 1996-ல்தான் உறுதியாயிற்று. சி.சி.ஆர்.5 போன்ற புரதங்களே அந்த இரண்டாவது பூட்டு. இரண்டையும் வைத்தார்கள். வைரஸ் உள்ளே நுழைந்தது.

அடுப்பு பற்றவில்லை

நுழைந்தும் பெருகவில்லை. அடுப்படி வரை வந்து விட்டது, தீப்பெட்டி இல்லை என்கிற கதை! அந்தத் தீப்பெட்டிதான் சைக்ளின் டி1 என்ற மனிதப் புரதம். 1998-ல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் காதரின் ஜோன்ஸ் என்ற பெண்மணியின் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். எலிக்கும் இந்தப் புரதம் உண்டு. ஆனால் 261-வது இடத்தில் நமக்கு சிஸ்டீன், எலிக்கு டைரோசின். மாலையில் ஒரே ஒரு மணி மாறியதற்கு இத்தனை வித்தியாசம்!

மனித சைக்ளினையும் சேர்த்தார்கள். அடுப்பு எரிந்தது. சமைத்ததைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்பும் கட்டத்தில் மறுபடி தடை. புது வைரஸ்கள் சரியாக உருவாகி வெளியேறவில்லை. எலி உயிரணுவையும் மனித உயிரணுவையும் ஒன்றாக இணைத்தபோது அந்த வேலையும் நடந்தது. ஆக, எலியிடம் இன்னும் ஏதோ குறைகிறது என்று 2000-ஆம் ஆண்டு வாக்கில் தெரிந்து கொண்டார்கள்.

தாய்ப்பாலும் எலியும்

இன்னொரு வழியும் உண்டு. எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறக்கும் எலிக்குள் மனித உயிரணுக்களையே வளர்ப்பது. 1988-ல் தொடங்கியது இது. இத்தகைய எலிகளைக் கொண்டு 2012-ல் வட கரோலினா பல்கலைக் கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். வைரஸை வாய்வழியாகக் கொடுத்தபோது தொற்றியது. தொற்றில்லாத தாய்மாரின் பாலில் கலந்து கொடுத்தபோதோ தொற்று தடுக்கப்பட்டது!

இதைப் படித்து விட்டு அலட்சியமாக இருந்து விடாதீர்கள். தாய்க்கே தொற்று இருந்தால் பால் மூலம் குழந்தைக்கு வரலாம். கர்ப்பம் தரித்ததுமே பரிசோதனை செய்து கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு.

எலியாலும் கொசுவாலும் எச்.ஐ.வி. வராது. குழாய்த் தண்ணீராலும் வராது. தொட்டாலும் வராது. இதையெல்லாம் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு உட்கார்த்தி வைத்துச் சொன்னேன். கோடி வீட்டு அம்மாவின் குடத்தைக் குழாயடியில் காலால் ஒதுக்கியவள் அவள்தான். நானும் அன்று பார்த்துக் கொண்டு சும்மா நின்றேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் குழாயடியில் அந்த அம்மா வழக்கம் போல் எட்டி நின்றிருந்தார். எதிர் வீட்டுப் பெண் தன் குடத்தை நகர்த்தினாள். "அக்கா, நீங்க முதல்ல பிடிங்க" என்றாள்.