ஊருக்கு மருந்து அனுப்புமுன்

2004 மார்கழி 26 இல் ஆழிப்பேரலை அடித்த அடுத்த வாரமே எங்கள் சங்க மண்டபத்தில் பைபையாக மருந்துகள் வந்து குவிந்தன. எல்லாம் நல்ல மனதோடு கொண்டுவரப்பட்டவைதான். பிரித்து அடுக்கும்போதுதான் தெரிந்தது: பாதி பாவித்த குளிசை மட்டைகள், திறந்த இருமல் பாணிகள், இரண்டு மாதத்தில் காலாவதியாகும் போத்தல்கள். பெரும்பகுதியை அழிப்பதற்காக இங்குள்ள மருந்தகத்திலேயே கொடுத்துவிட்டோம். 2022 இல் இலங்கை வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதும் அதே மாதிரிப் பைகள்தான் வந்தன.

இவற்றை அப்படியே அனுப்பினால் என்ன? அதே ஆழிப்பேரலைக்குப் பின் இந்தோனேசியாவின் அச்சே பகுதிக்குச் சுமார் 4,000 தொன் மருந்துகள் போய்ச் சேர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை அங்கே உதவாதவை. ஏறக்குறைய 600 தொன்னைக் காசு செலவழித்து அழிக்கவேண்டியதாயிற்று.

உலக சுகாதார நிறுவனம் 1996 இலேயே இதற்கு நெறிமுறைகள் வகுத்தது. கேட்ட மருந்தையே அனுப்பவேண்டும். போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது காலம் இருக்கவேண்டும். ஒருவருக்குக் கொடுத்து மிஞ்சியதை அனுப்பக்கூடாது. பெட்டியில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கவேண்டும். கனடாவில் 'அசிற்றமினோஃபன்' என்று எழுதியிருப்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பரசிற்றமோல்தான். அவசரத்தில் நிற்கும் தாதிக்கு அது புதுமருந்தாகத் தோன்றலாம்.

அடுத்தது களஞ்சியம். இதைத்தான் நாங்கள் எல்லோரும் மறந்துவிடுகிறோம். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்கவேண்டும். சூடு கெடுக்கும் என்பது தெரியும். உறைந்தாலும் கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. பார்வைக்கு மாற்றம் தெரியாவிட்டாலும் உறைந்த இன்சுலினைப் பாவிக்கக்கூடாது. ஆகவே ஐஸ்கட்டிப் பொதியில் நேரே முட்டும்படி அடுக்கவேண்டாம். சாதாரணக் குளிசைகளும் துறைமுக வெயிலில் நிற்கும் கொள்கலனில் வாரக்கணக்கில் கிடந்தால் பழுதாகலாம். களஞ்சியத்தில் பெட்டிகளை நிலத்தில் வைக்காமல் பலகைமேல், சுவரில் முட்டாமல் அடுக்கி, முதலில் காலாவதியாவதை முதலில் எடுக்கவேண்டும்.

இலங்கைக்கு அனுப்புவதென்றால் சுகாதார அமைச்சின் அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். அனுமதி இல்லாத பெட்டி சுங்கத்தில்தான் கிடக்கும்; காலாவதித் திகதி காத்திராது.

காசாகத் தந்தால் பெரும்பாலும் கூடுதல் பயன். அவசரகாலத்துக்கென்றே தயாரான மருத்துவத் தொகுதிகள் உண்டு; ஒரு தொகுதி 10,000 பேருக்கு ஏறக்குறைய மூன்று மாதம் போதுமானது. வீட்டில் மிஞ்சிய குளிசைகளை எங்களிடம் கொண்டுவராமல் உங்கள் மருந்தகத்திலேயே ஒப்படையுங்கள்.