உங்களுக்குத் தெரியுமா? பாஸ்புக் இருக்கிறது, ஆள் இல்லை

● காரியம் முடிந்த கையோடு ஏடிஎம் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்புவது நம் வீடுகளில் வழக்கம். பின் நம்பர் தெரியும், பணமும் வரும். ஆனால் கணக்குக்காரர் இறந்தபின் அவர் அட்டையில் எடுப்பது முறையல்ல. பங்காளி ஒருவர் ஸ்டேட்மென்ட் கேட்டாரானால், இறந்த தேதியும் எடுத்த தேதியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

● நாமினி பணத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. வங்கியிடம் வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், அவ்வளவே. 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரியவன்தான் நாமினி, அதனால் எல்லாம் அவனுக்கே என்று நினைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

● உயில் எழுதாமல் மகன் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் சம பங்கு உண்டு. தகப்பனுக்கு அந்த முதல் வரிசையில் இடமில்லை. நாமினி இல்லாத கணக்கில் மாமியார் கையெழுத்துப் போடாமல் விண்ணப்பம் நகராது என்பது பல மருமகள்களுக்கு வங்கியில்தான் தெரிய வருகிறது.

● நம்மை அதிகம் அலைக்கழிப்பது இனிஷியல். பாஸ்புக்கில் ‘கே. மாரியப்பன்’. ஆதாரில் ‘மாரியப்பன் கருப்பையா’. இறப்புச் சான்றிதழிலோ ‘மாரியப்பன், த/பெ கருப்பன்’. மூன்று பேரும் ஒருவரே என்று ஊருக்கே தெரியும். கவுன்டரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அப்புறம் நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், பெயர் திருத்த மனு என்று நடை தொடங்கும். இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் இருக்கிறது. துக்க வீட்டில் யாரும் யோசிக்க மாட்டார்கள்தான். இருந்தாலும் படிவத்தில் பெயர் எழுதுகிறவர் கையில் ஆதார் நகல் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

● வாரிசுச் சான்றிதழ் தருவது தாசில்தார். சக்சஷன் சர்டிஃபிகேட் தருவது நீதிமன்றம். இரண்டும் வேறு. ‘வாரிசு சர்டிஃபிகேட் கொண்டு வாங்க’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

● நாமினி இல்லாத கணக்கிலும், தகராறோ உயிலோ இல்லையென்றால், 15 லட்சம் ரூபாய் வரை கோர்ட்டுப் படி ஏற வேண்டாம். கூட்டுறவு வங்கியில் 5 லட்சம். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. 2026 மார்ச் 31-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வங்கிகளுக்குக் கெடு. காகிதங்கள் எல்லாம் சேர்ந்த 15 நாளில் பணம் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் வட்டி. லாக்கர் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். ‘எல்லாம்’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த 15 நாள் தொடங்காது. கொடுத்ததற்கெல்லாம் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

● 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு 4 பேர் வரை நாமினி போடலாம், சதவீதம் பிரித்து.

● 10 ஆண்டு தொடாத பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனாலும் வாரிசுகள் கேட்டுப் பெறலாம். தேட ‘உத்கம்’ இணையதளம்.

● பழைய பாஸ்புக்கைப் பரணில் போடுமுன் மே மாதக் கடைசி வரிகளைப் பாருங்கள். 436 ரூபாய் கழிந்திருக்கிறதா? அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுப் பிரீமியம். எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் 2 லட்சம் வரவேண்டியது. வீட்டில் கேட்டால், ‘ஏதோ பேங்க் சார்ஜ்’ என்பார்கள்.