அகதியின் மனநலமும் நிலையாத் தங்கலும்

அகதி என்னுஞ் சொல் கதியற்றவன் எனப் பொருள்படும். கதி புகலிடத்தையும் குறிக்கும். செல்லும் நெறியையும் குறிக்கும். புகலிடம் எய்திய பின்னரும் செல்நெறி தெரியாது நிற்பவனின் உளநிலையே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

போரும் சிறையும் உற்றாரின் இறப்பும் விளைத்த பழந்துயரே அகதியின் மனநோய்க்கு முழுக்காரணம் என்பது பொதுவான எண்ணம். அஃது அரையுண்மையே. அவுஸ்திரேலியாவில் மண்டேயரிடையே நிகழ்ந்த ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டிற்று. மண்டேயர் ஈராக்கிலும் ஈரானிலும் ஆற்றங்கரைகளில் வாழ்ந்த தொன்மையான சிறுபான்மைச் சமயத்தினர். யோவான் ஸ்நானகனைப் போற்றுபவர். ஓடும் நீரில் மூழ்குதலே அவர்தம் தலையாய சடங்கு. துன்புறுத்தலுக்கு அஞ்சி வெளியேறியோருட் பலர் சிட்னி நகரை அடைந்தனர். நீர் அங்கும் உண்டு; நெப்பியன் ஆற்றில் அச்சடங்கு தொடர்ந்தது.

ஆயின், வந்தோர் அனைவரும் ஒருபடித்தாக ஏற்கப்படவில்லை. விசாவின்றி வந்தோர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். 1999ஆம் ஆண்டு அரசு தற்காலிகப் பாதுகாப்பு விசாவை ஏற்படுத்திய பின், அகதியென ஏற்கப்பட்டும் அவர் பெற்றது மூன்றாண்டுத் தங்கலே. மனைவி மக்களை அழைக்க உரிமையில்லை. அவரைக் காண வெளிநாடு சென்றால் மீள வழியில்லை. ஏனையோர்க்கோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்தது.

உளவியலாளர் ஸ்டீல், உளமருத்துவர் சிலோவ் முதலியோர் இவர்களுள் 241 பேரை ஆராய்ந்து 2006இல் தம் முடிபை வெளியிட்டனர். வயது, முன்னுற்ற துயர், நாட்டில் வாழ்ந்த காலம் ஆகியவற்றைக் கணக்கிற்கொண்ட பின்னரும், தடுத்துவைப்பும் தற்காலிக விசாவும் தனித்தனியே மனநோயை மிகுவித்தமை புலனாயிற்று. நீண்டகாலம் அடைபட்டோர் உற்ற கேடு, விடுதலையாகிச் சராசரி மூன்றாண்டுகள் கழிந்தும் நீங்கவில்லை.

இதன் காரணம் விளங்கிக்கொள்ளுதற்கு அரிதன்று. பழந்துயரின் நினைவு தணிதற்கு, அது முடிந்துவிட்டது என்னும் உறுதி வேண்டும். திருப்பியனுப்பப்படலாம் என்றிருப்பவனுக்கு நேற்றைய கொடுமை நாளைய கொடுமையுமாகின்றது. "இனி அஞ்சற்க" என்று மருத்துவர் எவ்வாறு மெய்யாகக் கூறுவார்? மருந்தினால் துயில் வரலாம். விசா முடியும் நாளை மருந்து தள்ளிவையாது.

அவ்விசா 2008இல் நீக்கப்பட்டு, 2014இல் மீளக் கொணரப்பட்டது. 2023இலேயே அதனை உடையோர் நிரந்தரத் தங்கலுக்கு விண்ணப்பிக்க இடமளிக்கப்பட்டது. பல்லாண்டு காத்திருந்த அவருள் நம் நாட்டுத் தமிழரும் உளர். அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்ட பல்லாயிரவரை அவ்வேற்பாடு உள்ளடக்கவில்லை.